சாட்சித் துண்டு

கிட்டே வந்து உட்காருங்க, கண்ணுகளா. கதவோரத்தில் நிற்கிறவங்களும் உள்ளே தள்ளி வாங்க, என் குரல் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் நடந்து முடிந்துபோன கதை. ஆரம்பத்தில் கொஞ்சம் சிரிக்கிற இடம் வரும், அங்கேயே சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு வராது.

ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். பெரியவளின் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான். சின்னவளின் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவன் சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்து எவனாவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு கூப்பிடுவான். பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. சின்னவளுக்கு ஒரே பெண். அந்தக் குழந்தைக்கு இரண்டு மடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள் நின்றால் கரண்டி கொஞ்சம் சத்தமாகத்தான் விழும். கல்யாணமாகி வந்த புதிதில் இவர்களுக்குள்ளும் அது இருந்தது. பெரியவள் காய் நறுக்கினால் காகிதம் மாதிரி விழும். "அக்கா, இது காயா, இல்லை உங்க ஆஸ்பத்திரிச் சாமானா? வாயில போட்டதே தெரியலையே" என்பாள் சின்னவள். நீ நறுக்கினால் அதை மெல்ல ஒரு பல் டாக்டரை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பாள் பெரியவள். இப்படியே பேசிப் பேசி, சண்டை போடுகிற நேரமெல்லாம் பேச்சிலேயே போய்விட்டது. பிறகு ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சின்னவளுக்கு ஒரு குணம். யார் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பாள். கடைக்கு வருகிறாயா? பார்க்கலாம். நாளைக்குத் துணி தைத்துத் தருகிறாயா? பார்க்கலாம். புருஷன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "பார்க்கலாம் எங்கே?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவான். ஆனால் அவள் வாயிலிருந்து "செய்கிறேன்" என்று ஒரு சொல் வந்துவிட்டால் அது நடந்த மாதிரிதான். காய்ச்சலோ மழையோ, செய்துவிட்டுத்தான் படுப்பாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் இது தெரியும். அம்மா "பார்க்கலாம்" என்றால் இன்னும் நச்சரிக்கலாம். "சரி" என்றால் அதோடு விட்டுவிட்டு விளையாடப் போகலாம்.

பெரியவளின் வேலையைச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் கதை புரியாது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டிகளை ஆராய்கிற ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை. கட்டியின் சிறு துண்டை மெழுகில் வைத்துக் கட்டியாக உறைய விடுவார்கள். அந்த மெழுகுக் கட்டியை ஒரு யந்திரத்தில் பொருத்திச் சீவுவாள். சீவல் எவ்வளவு மெல்லியது என்றால், மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஒரு கண்ணாடிச் சில்லை நீருக்குள் சாய்த்து நுழைத்து, அப்படியே ஏந்தி எடுப்பாள். அதன்பிறகு அடுப்பில் உலர்த்துவது, மெழுகைக் கரைப்பது, கொதிக்க வைப்பது, மருந்து ஊற்றுவது, சாயம் ஏற்றுவது.

சாயம் எதற்கு? மார்புக் கட்டிகளில் சிலவற்றின் அணுக்களில் சில புரதங்கள் இருக்கும். முக்கியமாக மூன்றைத் தேடுவார்கள். இருந்தால் அந்த இடம் பழுப்பாக மாறும். இல்லையென்றால் வெறும் நீலம். கேட்கிறபோது பழுப்புதான் கெட்டது போலத் தோன்றும், இல்லையா? இங்கே அப்படி இல்லை. அந்தப் புரதம் கட்டிக்குக் கைப்பிடி மாதிரி. கைப்பிடி இருந்தால் அதைப் பிடித்து நிறுத்த மருந்து இருக்கிறது. வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளையைத் திட்டிக்கொண்டு, நன்றாக வாழலாம். மூன்றும் நீலம் என்றால் பிடிக்க ஒன்றும் கிடையாது. பொதுவான கடுமையான மருந்தை ஏற்றிவிட்டு, காத்திருக்க வேண்டியதுதான். அப்படி மூன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர், அதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு கண்ணாடியிலும் நோயாளியின் துண்டு மட்டும் இருக்காது. இன்னொரு துண்டும் பக்கத்தில் இருக்கும். எப்போதோ யாரோ ஒரு அம்மாளிடமிருந்து எடுத்த கட்டி, நன்றாகப் பழுப்பேறும் என்று முன்னமே தெரிந்தது. அது பழுப்பானால்தான் சாயம் சரியாக வேலை செய்தது என்று நம்பலாம். அவர்கள் அதைக் கன்ட்ரோல் என்பார்கள். எனக்கு அதைச் சாட்சித் துண்டு என்று சொல்லத்தான் வருகிறது. அந்த அம்மாள் யார், இருக்கிறாளா போய்விட்டாளா, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரின் கண்ணாடியிலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூடத்துக் கண்ணாடிகள் இரண்டு முனையும் ஒரே மாதிரி வெறுமையாக இருக்கும். ஒரு முனையில் சாட்சித் துண்டை முன்கூட்டியே ஒட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். வேலை வரும்போது, சாட்சி இருக்கிற முனையில் வைரமுனைப் பேனாவால் நோயாளியின் எண்ணைக் கீற வேண்டும். அதன்பிறகுதான் மறுமுனையில் நோயாளியின் துண்டை ஏந்த வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் சாட்சி, தள்ளி நோயாளி. புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் இதைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவளே பெரியவள்தான்.

சின்னவளுக்குக் கட்டி என்று தெரிந்தது குளிக்கும்போது. முதலில் பெரியவளிடம்தான் காட்டினாள். காட்டிவிட்டு, "அக்கா, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, நீங்க எனக்கு டாக்டர் இல்லை" என்றாள். ஆபரேஷன் நடந்தது. கட்டி பெரியவள் வேலை செய்கிற கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு எழுதுகிறவர் ஒரு டாக்டர். கண்ணாடி டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவர் இல்லை, நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லோடு இருக்கிறவர் என்பதால். நல்ல மனுஷர். உங்கள் வீட்டு ஆளின் துண்டை நீங்கள் தொட வேண்டாம், இன்னொரு பெண் பார்க்கட்டும் என்று அவர் சொன்னார். பெரியவள் கேட்கவில்லை. காய் நறுக்குவதிலிருந்து எல்லாம் தன் கையால் ஆனால்தான் அவளுக்கு நம்பிக்கை. அவரும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் தடவை புரதத்துக்கு ஒன்றாக மூன்று கண்ணாடிகள் போட்டாள். இரண்டு நீலமாக வந்தன. மூன்றாவதில், கொதிக்க வைக்கும்போது சின்னவளின் துண்டு கண்ணாடியை விட்டுக் கழன்று மிதந்து போய்விட்டது. சில சமயம் அப்படி ஆகும், யார் தப்பும் இல்லை. ஆனால் கொதிக்கிற நீரில் அது மிதந்து போவதைப் பெரியவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அது அவள் மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

இனி எல்லாம் அந்த மூன்றாவதில்தான். வேறொரு மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவ வேண்டும்.

வீட்டில் சின்னவள் கேலியை விடவில்லை. "பழுப்பா நீலமான்னு பார்க்க இத்தனை நாளா? பெயிண்ட் கடைக்காரன் நிமிஷத்துல சொல்லிடுவானே" என்பாள். ஆனால் அந்தச் சின்னப் பெண் தினமும் சாயங்காலம் தலை பின்னிக்கொள்ள அம்மா முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பாள். நான் பெரியவளாகிற வரைக்கும் நீ இருப்பியா? சின்னவள் சீப்பை நிறுத்தாமல், "பார்க்கலாம்" என்பாள். குழந்தை மறுநாளும் கேட்கும். சும்மா இருப்பேன் என்று சொல்லித் தொலையேன், குழந்தைதானே என்று பெரியவள் சமையலறையில் இழுத்து வைத்துக் கேட்டாள். தெரியாததை எப்படிச் சொல்வது, இத்தனை வருஷம் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை, இதில் போய்ச் சொல்லவா என்றாள் சின்னவள். மூன்றாவது கண்ணாடி வரட்டும் என்றாள்.

பெரியவள் மறுபடி சீவினாள். கண்ணாடியை எடுத்து, எண்ணைக் கீற வைரமுனைப் பேனாவைத் தொட்டாள். போன தடவை எண்ணை எழுதி, அப்புறம்தானே துண்டை வைத்தோம், அது மிதந்து போய்விட்டதே என்று ஒரு நினைப்பு. வேலை தெரிந்தவள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்தாள். முதலில் இவள் நன்றாக ஒட்டி உட்காரட்டும், எண் எங்கே ஓடிப் போகிறது என்று சின்னவளின் துண்டை முதலில் ஏந்தினாள். உலர்த்தினாள். உலர்ந்து வெளியே வந்தபோது இரண்டு முனையிலும் இரண்டு வெள்ளைக் கறைகள். மெழுகோடு இருக்கும்போது எல்லாத் துண்டும் அப்படித்தான் தெரியும். கையில் எந்த முனை வந்ததோ அந்த முனையில் எண்ணைக் கீறினாள்.

அது சின்னவளின் முனை.

சாயம் ஏற்றி முடித்த மத்தியானம் டாக்டர் இல்லை. வெளியூரில் ஏதோ கூட்டம், வாரக் கடைசி கழித்துத்தான் வருவார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு முடிவும் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அதுவும் பெரியவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். ஈரக் கண்ணாடியை எண் இருக்கிற முனையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தூரத்து முனைத் துண்டு பழுப்பு. நல்ல, கெட்டியான பழுப்பு. மைக்ராஸ்கோப் எதற்கு, வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

இந்த முனைத் துண்டு அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. விரலை நகர்த்த அவளுக்குத் தோன்றவில்லை. சாட்சிதானே, எப்போதும் பழுப்பாகத்தானே இருக்கும்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பழுப்புடி" என்றாள் பெரியவள். "மூணாவது. மாத்திரை இருக்குடி உனக்கு."

சின்னவள் மடிப்பை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பார்த்தீங்களா அக்கா?"

"என் கண்ணால பார்த்தேன்."

சின்னவள் கையிலிருந்த துணியை முகத்தில் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, கை கழுவிக்கொண்டு வாங்க, இன்றைக்குக் காயை நான் நறுக்குகிறேன், பல் போனாலும் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள். இரண்டு பேரும் சமையலறையில் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று அவள் புருஷன் ஓடி வந்தான்.

அன்று சாயங்காலம் குழந்தை வழக்கம் போல முதுகைக் காட்டி உட்கார்ந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டது.

"இருப்பேன்" என்றாள் சின்னவள்.

குழந்தை பாதிப் பின்னலோடு திரும்பிப் பார்த்தது. "பார்க்கலாம் இல்லையா?"

"இல்லை. இருப்பேன்."

அவ்வளவுதான். குழந்தை திரும்பி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அம்மா சொல்லியாகிவிட்டது.

வாரம் பிறந்து டாக்டர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு அதே மெழுகுக் கட்டியிலிருந்து வழக்கமான இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரியவளைக் கூப்பிட்டு, கன்ட்ரோல் சாயம் எடுக்கவில்லை போலிருக்கிறதே, கொஞ்சம் பாருங்கள் என்று எழுந்து இடம் கொடுத்தார்.

எண்ணுக்குப் பக்கத்துத் துண்டு முழுக்க நீலம். அதன் ஓரத்தில் யாரோ கடித்தது போல ஒரு குழிவு. இளஞ்சிவப்புக் கண்ணாடியில் இருந்த துண்டிலும் அதே இடத்தில் அதே குழிவு. தூரத்துத் துண்டுக்கு நகர்த்தினாள். அங்கே அந்தப் பெயர் தெரியாத அம்மாள். வருஷக்கணக்காகப் பெரியவள் தினமும் லென்ஸுக்கு அடியில் பார்த்த முகம், பக்கவாட்டில் கொழுப்புப் பட்டை ஓடுகிற அதே பழுப்புத் துண்டு. லென்ஸில் வைத்து ஒரு பார்வை பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எண்ணை எப்போது எழுதினீர்கள் என்று டாக்டர் கேட்டார். பிறகு எழுதினேன் என்றாள். அவர் அந்தக் கண்ணாடியை எடுத்துத் தனியே வைத்தார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். இன்னொரு பெண்ணைக் கொண்டு முதலிலிருந்து எல்லாம் மறுபடி செய்தார்கள். எண்ணை முதலில் எழுதி, முறைப்படி. நீலம்தான்.

சின்னவள் பின்பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பெரியவள் போய்ச் சொன்னாள். எண், முனை, கட்டைவிரல், எல்லாம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னதில் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை.

கடைசியில் சின்னவள், "அப்போ நான் அவகிட்ட சொன்னது?" என்றாள்.

தன் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை, கண்ணுகளா. அதைத்தான் கேட்டாள்.

நானே போய்க் குழந்தையிடம் சொல்கிறேன் என்றாள் பெரியவள். வேண்டாம், சொன்ன வாயே திருப்பிச் சொல்லட்டும் என்றாள் சின்னவள். அன்று சாயங்காலம் சீப்போடு உட்கார்ந்தாள். குழந்தை பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது, தோளைத் தளர்த்திக்கொண்டு, அம்மா மடியில் சாய்ந்துகொண்டு. சின்னவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பின்னலை முடித்து முடிச்சுப் போட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மருந்து ஏற்ற ஆரம்பித்துத் தன் தலைமுடி கொட்டிப்போன பிறகும், மொட்டைத் தலையோடு மகளுக்குத் தலை பின்னினாள். குழந்தை ஒருநாளாவது பயந்து பார்த்ததா? இல்லை. அம்மா தலையைத் தடவிப் பார்த்து, முளைச்சா எனக்குப் பின்னத் தருவியா என்று கேட்டது. பார்க்கலாம் என்றாள் சின்னவள்.

இரண்டாம் வருஷம் நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். ஒருநாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாடியில எது நின்னாலும் எனக்குத் தெரியும் அண்ணி, இவ எங்கே நிக்கிறான்னு தெரியலையே என்று பெரியவளிடம் சொன்னான்.

பேச்சு குறைந்து போன நாட்களில் சின்னவள் பெரியவளைக் கிட்டே கூப்பிட்டாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"என்னால முடியலைக்கா. அவ நிம்மதியா இருக்கிறதைப் பார்த்தா வாய் வரலை. நான் போனப்புறம் நீங்க சொல்லிடுங்க. அம்மா பொய் சொல்லலைன்னு மட்டும் அவளுக்குத் தெரியணும்."

"சொல்றேன்" என்றாள் பெரியவள்.

சின்னவள் கொஞ்சம் சிரித்தாள். "பார்க்கலாம்னு சொல்லுங்கக்கா. போன தடவை மாதிரி ஆயிடப்போகுது."

அவள் கடைசியாகச் செய்த கேலி அது. அடுத்த வாரம் ஒரு காலையில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போய்விட்டாள்.

குழந்தை அழவில்லை. அதுதான் எல்லோரையும் என்னவோ செய்தது. வந்தவர்களை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு, அம்மாவைக் கொண்டுபோன பிறகும் சாயங்காலம் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பெரியவள் போய்ப் பின்னால் உட்கார்ந்து பின்னினாள். கொஞ்ச நாள் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு சாயங்காலம் திரும்பாமலே கேட்டது.

"பெரியம்மா, அம்மா சொன்னா செய்வாங்கதானே?"

பெரியவளுக்குக் கை நின்றுவிட்டது. வாக்குக் கொடுத்திருந்தாள், அதனால் சொன்னாள். பழுப்பு, நீலம், சாட்சித் துண்டு, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். உங்க அம்மா பொய் சொல்லவே இல்லை, நான் சரியாகப் பார்க்காமல் சொன்னதை நம்பித்தான் உன்னிடம் சொன்னாள், தப்பு என்னுடையது என்றாள். எப்படிப் பிடிச்சீங்க என்று குழந்தை கேட்டது. அதன் பென்சில் பெட்டியில் ஒரு கண்ணாடி ஸ்கேல் இருந்தது. அதை எடுத்து, ஒரு முனையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினாள் பெரியவள். இப்படி.

குழந்தை ஸ்கேலைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விரலை எடுத்திருக்கலாமே பெரியம்மா" என்றது.

"எடுத்திருக்கலாம்" என்றாள் பெரியவள்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கணக்கில் ஒரு எண் விட்டுப்போனதைச் சொல்வது போலத்தான் சொல்லிற்று. பிறகு பாதிப் பின்னலோடு எழுந்து போய், மீதியைத் தானே பின்னிக்கொள்ளப் பார்த்தது. வரவில்லை. அப்படியே விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அழுதது, உள் அறையில், தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, அப்பா போய்த் தூக்கினாலும் வராமல்.

பெரியவள் இன்னும் அந்தக் கூடத்துக்குத்தான் வேலைக்குப் போகிறாள். முதலில் எண்ணைக் கீறிவிட்டுத்தான் துண்டைத் தொடுகிறாள். அந்தப் பெயர் தெரியாத அம்மாள் இன்னும் ஒவ்வொரு கண்ணாடியிலும் பழுப்பாக உட்கார்ந்திருக்கிறாள். சின்னவளின் மெழுகுக் கட்டி அலமாரியின் ஒரு இழுப்பறையில் இருக்கிறது. எந்த இழுப்பறை என்று பெரியவளுக்குத் தெரியும், ஆனால் திறப்பதில்லை.

வீட்டில் அந்தப் பெண் நன்றாக வளர்கிறது. படிக்கிறது. தலையைத் தானே பின்னக் கற்றுக்கொண்டுவிட்டது. சாப்பிட வருகிறாயா என்று பெரியவள் கூப்பிட்டால், பார்க்கலாம் என்கிறது. இந்த விடுமுறைக்கு எங்கேயாவது போகலாமா என்று அப்பா கேட்டால், பார்க்கலாம் என்கிறது. அதே குரல். சமையலறையில் நிற்கிற பெரியவளுக்குச் சில சமயம் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் யார் இருப்பார்கள் என்று தெரிந்ததால் அவள் திரும்புவதில்லை. காயை நறுக்கிக்கொண்டே இருப்பாள், காகிதம் மாதிரி.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு யாராவது ஒரு குழந்தையின் தலையைப் பின்னிக்கொண்டே "இருப்பேன்" என்று சொன்னால், அவர்கள் இருக்கட்டும். கேட்ட குழந்தை வளர்ந்து, சொன்னவர்களின் நரைத்த தலையை வாரிவிடுகிற நாள் வரைக்கும் இருக்கட்டும். உங்கள் சமையலறையில் கரண்டிச் சத்தமும் கேலியும் குறையாமல் இருக்கட்டும். போய் வாங்க.